ஒட்டுப் போர்வை

வேலூரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு. தண்ணீரில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமியில்லாத கோயில் என்று சொல்லிக்கொண்டே போவார்கள். கோயில் விஷயத்தில் மட்டும் 1981ஆம் வருஷத்தோடு அந்தக் கேலி காலாவதியாகிவிட்டது. ஜலகண்டேசுவரரை மறுபடியும் கோட்டைக் கோயிலில் பிரதிஷ்டை செய்துவிட்டார்கள். காலியான அந்த ஸ்தானத்தில் நான் ஒன்றைச் சேர்த்து வைத்திருக்கிறேன்: குளிரில்லாத மெத்தைப் போர்வை. கத்திரி வெயிலில் 108 டிகிரி காய்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு, என் பெரியம்மா ஐந்து வருஷமாகப் பஞ்சு வைத்த போர்வைகளைத் தைத்துக் குவித்துக்கொண்டிருக்கிறாள்.

பெரியம்மா கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். மகளின் பிரசவத்துக்காக அமெரிக்கா போய் ஆறு மாதம் இருந்தாள். பனிக்காலம், வெளியே தலைகாட்ட முடியாது. பக்கத்து வீட்டுக் கிழவி ஒருத்தி தன் வீட்டுக்கு அழைத்துப் போய் இந்த வித்தையைக் காட்டியிருக்கிறாள். அமெரிக்காவிலிருந்து வருகிறவர்கள் பெட்டியில் பாதாம் பருப்பும் சாக்லேட்டும் கொண்டுவருவார்கள். பெரியம்மாவின் பெட்டியில் ஓர் உருளைக் கத்தியும், கோடு போட்ட வெட்டுப் பலகையும் இருந்தன. அந்தக் கத்தி 1979இல் ஜப்பான்காரர்கள் கண்டுபிடித்தது. சக்கரம் மாதிரி உருட்டினால் நாலைந்து மடிப்புத் துணி ஒரே இழுப்பில் நூல் பிடித்த மாதிரி வெட்டுப்படும். கத்தரிக்கோலால் ஒரு நாள் பூராவும் வெட்டுகிறதை ஒரு மணியில் வெட்டிவிடலாம். துண்டுத் துணி தைப்பது உலகத்தில் இத்தனை பேருக்குப் பொழுதுபோக்கானதற்கு இந்தக் கத்தியும் ஒரு காரணம்.

போன வருஷம் போயிருந்தபோது, கட்டிலின் மேல் ஒரு போர்வையை விரித்துக் காட்டினாள்.

"ஏண்டா, ஊரார் எழுதுகிற கதைக்கெல்லாம் நொட்டை சொல்கிறாயே, இதையும் பார்த்து ஒரு வார்த்தை சொல்லேன்."

"பிரமாதம், பெரியம்மா" என்றேன்.

புஸ்தகம் எழுதினவர் எதிரே உட்கார்ந்து வாயைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது சொல்கிற அதே வார்த்தைதான். அதற்கு என்ன அர்த்தம் என்று எழுத்தாளர்களுக்குத் தெரியும். பெரியம்மாவுக்கும் தெரிந்துவிட்டது போலிருக்கிறது. ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தாள். பிறகு போர்வையை மடித்து உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டாள். அன்றைக்குச் சொல்லாமல் விழுங்கினதைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறேன்.

முதலில் இந்த வேலை என்னவென்று சொல்லிவிட வேண்டும். துணியைச் சதுரமாகவும் பட்டையாகவும் முக்கோணமாகவும் வெட்டி, ஒன்றோடொன்று தைத்து ஒரு பெரிய மேல்துணி ஆக்குவது முதல் பாதி. அந்த மேல்துணி, நடுவில் மெல்லிய பஞ்சு, அடியில் ஒரு முழுத்துணி, இம்மூன்றையும் மேலே ஓடுகிற தையலால் சேர்த்துப் பிடித்து நிறுத்துவது இரண்டாவது பாதி. பஞ்சு ஒரு பக்கமாக ஒதுங்காமலிருக்கத்தான் இந்த மேல்தையல். கையால் செய்தால் மாதக் கணக்காகும். மிஷினில் செய்தால் வேறு கஷ்டம். மிஷினின் பல் அடித்துணியைப் பிடித்து இழுக்கும். மேலே அழுத்துகிற பாதம் மேல்துணியைப் போகவிடாமல் தடுக்கும். மூன்று அடுக்கும் ஒரே வேகத்தில் நகராமல் சுருக்கம் விழும். இதற்காகவே மேல்துணியையும் கூட நடத்திக்கொண்டு போகிற ஒரு பாதம் விற்கிறார்கள். கொடியும் பூவுமாக வளைத்துத் தைக்க வேண்டுமானால், பல்லைக் கீழே இறக்கிவிட்டு, துணியைத் தன் கையாலேயே நகர்த்த வேண்டும். கையும் மோட்டாரும் ஒரே கதியில் போகாவிட்டால், தையல் ஓரிடத்தில் எறும்பு ஊர்ந்த மாதிரியும் இன்னோரிடத்தில் தவளை தாவின மாதிரியும் இருக்கும்.

இணைக்கிற வேலையிலும் கணக்கு உண்டு. ஓரத்தில் கால் அங்குலம் விட்டுத் தைப்பது சம்பிரதாயம். 12 துண்டு கொண்ட ஒரு வரிசைக்கு 11 தையல். ஒவ்வொரு தையலிலும் ஒரு வீசம் கூடுதலாகப் பிடித்துவிட்டால், இரண்டு துண்டிலுமாக அரைக்கால் அங்குலம் போயிற்று. வரிசை முடிவதற்குள் ஒன்றே காலே அரைக்கால் அங்குலம் காணாமல் போய்விடும். அடுத்த வரிசையில் அதே பிசகு இல்லாவிட்டால் இரண்டும் சேராது. வீசத்தையும் அரைக்காலையும் இன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. பெரியம்மாவுக்கு அவை வாய்ப்பாடாக வரும். அவளுடைய போர்வையில் எந்த மூலையை எடுத்துப் பார்த்தாலும் மூலையோடு மூலை முட்டி நிற்கிறது. இதை நான் மனப்பூர்வமாகவே பாராட்டுகிறேன்.

அவள் தைத்திருந்த தினுசுக்கு அமெரிக்காவில் மரக்குடில் என்று பெயர். நடுவில் சிவப்பாக ஒரு சின்னச் சதுரம். அதைச் சுற்றிச் சுற்றிப் பட்டைகள். ஒரு பாதிப் பட்டைகள் வெளிறினவை, மறு பாதி கருத்தவை. நடுவிலிருக்கிற சிவப்பு குடிலின் அடுப்பு நெருப்பு என்று சொல்வார்கள். இப்படி ஐம்பது அறுபது கட்டங்களைச் சேர்த்தால், வெளிச்சமும் நிழலும் சாய்ந்து சாய்ந்து ஓடி ஒரு பெரிய உருவம் எழும்பும். நிறம் அதில் இரண்டாம் பட்சம். கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தால் நிறம் மங்கி, வெளிச்சமும் நிழலும் மட்டும் நிற்கும். நல்ல போர்வை அப்போதுதான் தன்னைக் காட்டும். பெரியம்மாவின் போர்வை அந்தப் பரீட்சையிலும் தேறியது.

பின் என்ன குறை? துணி எல்லாம் புதுத் துணி. ஒரே ஜவுளிக்கடையில், ஒரே நாளில், ரோஜா நிறத்திலும் சாம்பல் நிறத்திலும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி தேர்ந்தெடுத்து மீட்டர் கணக்கில் வாங்கினது. முழுத் துணியை வாங்கித் துண்டாக வெட்டி, மறுபடியும் முழுத் துணியாகத் தைத்திருக்கிறாள். பார்த்தால், இப்படியே அச்சடித்து நெய்த ஒரு விரிப்பைக் கடையிலிருந்து வாங்கி வந்து போட்டிருக்கிறது போலத்தான் இருக்கிறது. இத்தனை தையல் எதற்கு என்ற கேள்வி வந்துவிடுகிறது. கண் ஒரு மூலையிலிருந்து புறப்பட்டு மறு மூலைக்குப் போய்ச் சேருகிறது. வழியில் அதை யாரும் நிறுத்தவில்லை.

இது எனக்கு அன்றைக்கு இவ்வளவு தெளிவாகத் தெரியவில்லை. ஆம்பூருக்குப் போன பிறகுதான் தெரிந்தது.

வேலூரிலிருந்து ஆம்பூர் 50 கிலோமீட்டர். முன்பு ஒரே ஜில்லா. 2019இல் வேலூர் மாவட்டத்தையே மூன்று துண்டாக வெட்டினார்கள். தோல் பதனிடுகிற ராணிப்பேட்டை ஒரு துண்டுக்குப் போயிற்று. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூரோடு சேர்ந்தன. கைலி நெய்கிற குடியாத்தம் மட்டும் வேலூரோடு நின்றுவிட்டது. ரயில் பாதையும் பாலாறும்தான் இப்போது அந்தத் துண்டுகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருக்கிற தையல்.

ஆம்பூரில் எனக்கு ஒரு சிநேகிதர். தோல் வியாபாரம். அவர் வீட்டில் சாப்பிட்டுவிட்டு (ஆம்பூரில் சாப்பிட்டால் உடனே எழுந்து நடமாட முடியாது என்பதை விவரிக்க வேண்டியதில்லை) உள்ளறையில் சற்றுத் தலை சாய்த்தேன். கட்டிலின் மேல் ஒரு போர்வை விரித்திருந்தது. தூக்கம் போய்விட்டது.

குடியாத்தம் கைலியின் பச்சையும் நீலமுமான கட்டங்கள் அதில் அதிகம். நடுநடுவே பள்ளிக்கூடப் பையனின் காக்கி நிஜார். மெத்தை உறையின் கோடு. ஷூவுக்குள் வைக்கிற லைனிங் துணி, தவிட்டு நிறத்தில், மிச்சம் மீதியாகக் கிடைத்தது. பட்டைகள் ஒன்றுக்கொன்று அகலம் சரியில்லை. ஓரிடத்தில் காக்கி போதாமல் போயிருக்கிறது. அங்கே கோட்டுத் துணியை நெடுக்காக வைக்காமல் குறுக்காக வைத்திருந்தது. ஓட்டம் அந்த இடத்தில் டக்கென்று தடைப்பட்டுத் திரும்புகிறது. அதற்கு நேர் எதிரே, யாரும் எதிர்பாராத இடத்தில், கடுகு மஞ்சளில் ஒரு சாய்ந்த பட்டுத் துண்டு. அது ஏன் அங்கே இருக்கிறது என்று கேட்கத் தோன்றும். அதை எடுத்துவிட்டால் மற்றதெல்லாம் சரிந்துவிடும் என்றும் தெரியும்.

சிநேகிதரின் தாயார் வந்து எட்டிப் பார்த்தார்கள். உருது பேசுகிற குடும்பம்.

"ஐயோ, அதை எடுக்கச் சொன்னேனே! அது குதடி, தம்பி. வீட்டோட போட்டுக்கறது. வெளி ஆளுங்க பாக்கறதுக்கில்லே."

"அந்த மஞ்சள் துண்டு என்னங்கம்மா?"

"என் கலியாணத் துணி. அவ்வளவுதான் மிஞ்சிச்சு. அதை எங்கே வைக்கிறதுன்னு நாலு நாளு வச்சிக்கிட்டே இருந்தேன்."

நாலு நாள்! அந்த இரண்டு வார்த்தையில் விமர்சனத்துக்கு வேண்டிய முழு விஷயமும் இருக்கிறது. ஏழை வீட்டில், அல்லது சிக்கன வீட்டில், கிடைத்ததைக் கிடைத்தபடி தைத்துவிடுகிறார்கள் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அந்த அம்மாள் அந்த மஞ்சளை இங்கே வைத்து, அங்கே வைத்து, எட்டி நின்று பார்த்து, மறுபடியும் எடுத்திருக்கிறார்கள். துண்டு கைக்கு வந்தது தற்செயல். அது நின்ற இடம் தற்செயல் இல்லை.

மேல்தையல் போட்டது அண்டை வீட்டுப் பெண். ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிறவள். ஷூவின் மேல்பாகத்துக்குத்தான் அங்கே அப்பர் என்று பெயர். இந்த ஊர்க் கம்பெனிகளில் மிஷினில் உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலும் பெண்கள். துணியைத் தைக்கிறவளுக்கும் தோலைத் தைக்கிறவளுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. துணியில் தையலைப் பிரித்தால், தண்ணீர் தெளித்து இஸ்திரி போட்டதும் ஊசித் துளை மறைந்துவிடும். தோலுக்கான ஊசியின் முனை கத்தி மாதிரி அறுத்துக்கொண்டு போகும். அந்தத் துளை ஆயுசுக்கும் போகாது. தப்பாகத் தைத்தால் அந்தத் தோல் போயிற்று. ஆகவே தோல் தைக்கிறவளுக்குப் பிரித்துத் தைக்கிற பழக்கமே கிடையாது. ஊசி இறங்குவதற்கு முன்பே தீர்மானித்துவிடுகிறாள். அந்தக் கை துணியிலும் அப்படியே ஓடியிருந்தது. பூவும் இல்லை, கொடியும் இல்லை. இரட்டைக் கோடாக, ஷூவின் ஓரத்தில் ஓடுகிற மாதிரி, அந்த முனையிலிருந்து இந்த முனை வரைக்கும் தயக்கமில்லாமல் ஒரே ஓட்டம்.

குறைகளும் சொல்ல வேண்டும். பஞ்சு இரண்டு இடத்தில் கட்டிபட்டிருந்தது. அடித்துணி ஒரு பக்கம் உப்பி, ஓரத்தில் தையல் விட்டிருந்தது. ஒரு விளிம்பு மறு விளிம்பைவிட மூன்று விரற்கடை நீளம். பெரியம்மா பார்த்தால் சிவப்பு மையால் சுழித்திருப்பாள்.

இந்த இடத்தில் எனக்கே என்மேல் ஒரு சந்தேகம் வந்தது. கந்தல் என்றால் உருகிப்போகிற ஒரு சுபாவம் படித்தவர்களுக்கு உண்டு. சௌகரியமாக உட்கார்ந்துகொண்டு இன்னொருவர் இல்லாமையில் அழகு காண்பது சுலபம். அமெரிக்காவிலும் இந்தக் கதை நடந்திருக்கிறது. 1971இல் நியூயார்க்கில் விட்னி மியூசியத்தில் பழைய ஒட்டுப் போர்வைகளைச் சுவரில் மாட்டி, நவீன ஓவியங்களைப் பார்க்கிற மாதிரி பாருங்கள் என்றார்கள். அதே மியூசியத்தில் 2002இல் அலபாமா மாகாணத்து ஜீஸ் பெண்ட் என்ற கிராமத்துப் போர்வைகள் வந்தன. மூன்று பக்கமும் ஆறு சுற்றி ஓடுகிற அந்த ஊரில், அடிமைகளாக இருந்தவர்களின் சந்ததியார், வயற்காட்டில் உடுத்திக் கிழிந்த உடுப்புகளைக் கொண்டு தைத்தவை. பத்திரிகைக்காரர்கள் பெரிய பெரிய ஓவியர்களோடெல்லாம் ஒப்பிட்டார்கள். 2006இல் தபால் தலையே வெளியிட்டுவிட்டார்கள்.

எனக்கு அந்த ஒப்பீட்டைவிட வேறொரு தகவல் முக்கியமாகப் படுகிறது. அந்த வட்டாரப் பெண்கள் 1966இல் ஒரு கூட்டுறவுச் சங்கம் வைத்தார்கள். 1972இல் ஸியர்ஸ் என்ற பெரிய வியாபார ஸ்தாபனம் தலையணை உறை தைப்பதற்காக அவர்களுக்குக் கார்டுராய் துணி கொடுத்தது. மொரமொரப்பான கோட்டுத் துணி. பல நிறங்களில். உறைகள் ஊர் ஊராகப் போய்விட்டன. வெட்டி மிஞ்சினது வீடுகளுக்கு வந்து போர்வையாயிற்று. ஒரே துணி, ஒரே கம்பெனி, ஒரே மிச்சம். ஆனால் ஒவ்வொருத்தியும் தைத்தது ஒவ்வொரு மாதிரி. இல்லாமைதான் அழகை உண்டாக்கியது என்றால் எல்லாம் ஒன்று போலல்லவா இருந்திருக்க வேண்டும்? ஆகவே ஆம்பூர்ப் போர்வையை நான் ரசித்தது அதன் கந்தலுக்காக என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். ஆம்பூர் லைனிங் துணியும் அலபாமா கார்டுராயும் ஒன்றுவிட்ட சகோதரிகள். அவ்வளவுதான் நான் சொல்வது.

நம்மவர்கள் இதில் ரொம்பக் கூச்சப்படுகிறார்கள். "கந்தையானாலும் கசக்கிக் கட்டு" என்று உபதேசம் செய்தவர்கள்கூடக் கந்தையைக் கோத்து அழகு பார் என்று சொல்லவில்லை. பழம்புடவை நம் வீடுகளில் தூளியாகும், குழந்தைக்கு விரிப்பாகும், கடைசியில் கரித்துணியாகும்; அதோடு சரி. வங்காளத்தில் அதையே அடுக்கித் தைத்துக் காந்தா என்கிறார்கள். வட கன்னடத்துச் சித்திகள், ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வம்சத்தார், கவந்தி என்று ஒன்று தைக்கிறார்கள். நாலு மூலையிலும் துணியை முக்கோணமாக மடித்துப் பூ வைத்தால்தான் அவர்களுக்குப் போர்வை பூர்த்தியானதாக அர்த்தம். உருதுக்காரர்கள் எளிய இடத்தில் பிறந்த மேலானவனைக் குதடிக்குள் இருக்கிற மாணிக்கம் என்பார்கள். அந்த வசனத்திலும் குதடிக்கு மரியாதை இல்லை, மாணிக்கத்துக்குத்தான். நம் பக்கத்தில் துணியை வெட்டி வைத்துத் தைக்கிற கலை கோயிலோடு நின்றுவிட்டது. தஞ்சைப் பக்கத்தில் தேருக்குத் தொங்கவிடுகிற தொம்பைகளைப் பார்த்திருப்பீர்கள். சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாகப் பூவும் யாளியும். அது ஒரு துணியின் மேல் இன்னொன்றைப் பதித்துத் தைக்கிற வேலை. துண்டுக்குத் துண்டு பக்கத்தில் நின்று வழக்காடுகிற வேலை நமக்குப் பழக்கமில்லை. ஆனால் கட்டமும் சமச்சீரும் நம் பெண்களுக்குப் புதிதில்லை; பெரியம்மாவின் மரக்குடில் எனக்குப் படிக்கோலத்தைத்தான் ஞாபகப்படுத்தியது. கோலத்தில் பிசகு நேர்ந்தால் நாளைக் காலையில் தண்ணீர் தெளித்தால் போயிற்று. போர்வையில் நேர்ந்தால் அது மேலேயே படுத்துத் தூங்க வேண்டும். அந்தப் பயத்தினால்தான் புதிதாகத் தைக்கிறவர்கள் பொருந்தாத துணியைக் கிட்டவே சேர்ப்பதில்லையோ என்னவோ.

பொழுதுபோக்கு என்று சொல்லி இதைத் தள்ளிவிடவும் நான் தயாராக இல்லை. அவசியத்துக்குத் தைத்தால்தான் கலை என்றால், அவசியத்துக்கு யாராவது வீணை வாசிக்கிறார்களா? பெரியம்மாவுக்குப் புதுத் துணி வாங்கப் பணம் இருக்கிறது, வாங்கட்டும். நாவலில்கூட, வாழ்க்கையிலிருந்து எடுத்ததா, கற்பனை செய்ததா என்பது பெரிய கேள்வியில்லை. பாத்திரங்கள் எல்லோரும் ஒரே கடையில் வாங்கினவர்களாக, கதாநாயகனின் துக்கத்துக்குத் தோதாக மழையும், சந்தோஷத்துக்குத் தோதாக நிலவுமாக வந்து நின்றால், எவ்வளவு நயமான தையலாக இருந்தாலும் எனக்குக் கொட்டாவி வந்துவிடுகிறது. திட்டத்துக்கு ஒத்துவராத ஒரு சம்பவம், ஒரு கிழவன், ஒரு வார்த்தை எங்கேயாவது முரண்டு பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அதை வெளியே தள்ளாமல், அதற்காகத் திட்டத்தையே சற்று நகர்த்திக்கொண்ட ஆசிரியனை நான் நம்புகிறேன். வாராவாரம் தொடர்கதை எழுதினவர்களுக்கு இந்த அவஸ்தை தெரியும்.

ஆம்பூரிலிருந்து திரும்பும்போது வேலூரில் இறங்கினேன். பெரியம்மா காபி கொடுத்தாள். மஞ்சள் துண்டைப் பற்றிச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு அவளுடைய போர்வையைப் பற்றியும் சொன்னேன். மேலே எழுதினதைவிட மெதுவாகத்தான் சொன்னேன்.

"எல்லாம் பொருந்தியிருக்கிறது, பெரியம்மா. உன்னைத்தான் காணோம்."

அவள் முகம் சிவந்துவிட்டது. "நான் என்ன கந்தலா?" என்றாள். எழுந்து அலமாரியைத் திறந்து எதையோ எடுத்து என் மடியில் போட்டாள். மடிப்புக் கலையாத ஒரு குடியாத்தம் கைலி. கருஞ்சிவப்புக் கட்டம்.

"உன் பெரியப்பா கடைசியாக வாங்கினது. ரெண்டு வாங்கினார். ஒன்று அவரோடேயே போயிற்று. இதை வைத்துத் தைக்கத்தான் ஆரம்பித்தேன். ஓரத்தில் ஒரு நூல் எடுத்து நனைத்துப் பார்த்தால் சாயம் போகிறது. வெள்ளைக்குப் பக்கத்தில் வைத்தால் என்ன ஆகும்? ரோஜாவுக்கும் சாம்பலுக்கும் மாறினேன். பெரிசாகச் சொல்ல வந்துவிட்டான்."

எனக்குப் பேச்சு வரவில்லை. சாயம் போவதைப் பற்றி ஒரு கதை உண்டு. 1958 வாக்கில் நம் சென்னைக் கட்டத் துணி அமெரிக்காவுக்குப் போயிற்று. சாயம் போகும் என்று சொல்லாமல் விற்றுவிட்டார்கள். வாங்கினவர்கள் சண்டைக்கு வந்தார்கள். விளம்பரக்காரர்கள் அதையே பெருமையாக்கி, சாயம் போவதற்கு உத்தரவாதம் என்று போட்டு விற்றுத் தீர்த்தார்கள் என்பது கதை. பிற்பாடு தினுசு தினுசான கட்டங்களைத் துண்டு துண்டாக வெட்டி ஒன்று சேர்த்து, சட்டையும் கால்சட்டையுமாகத் தைத்துப் போட்டுக்கொண்டார்கள், இன்றைக்கும் போடுகிறார்கள். இதை நான் பெரியம்மாவிடம் சொல்லவில்லை. கையில் கைலியை வைத்துக்கொண்டு விளம்பரக் கதை சொல்ல முடியாது.

இரண்டு வாரம் அவளிடமிருந்து போன் இல்லை. மூன்றாவது வாரம் கூப்பிட்டாள். எடுத்ததுமே கேட்டாள்:

"ஆம்பூர் அம்மா கைலியை எத்தனை தண்ணீரில் அலசினார்கள் என்று கேட்டுச் சொல்லேன். நான் கல் உப்புப் போட்டு மூன்று தரம் அலசிவிட்டேன். இன்னும் சிவப்பாகத்தான் வருகிறது."